டாப்பு தொங்கிய அறை

"விடும்மா, அம்பது வருஷம் ஆச்சு" என்கிறாள் என் மகள். எப்போதாவது ரோட்டில் பழைய ஜீப்போ பிக்கப்போ போனால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்துவிட்டுச் சொல்வது அது. ஒரு வண்டியால் கம்பெனியில் எனக்கு ஏதோ சண்டை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்; அவளுக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிடுவாள். அன்றைக்குப் போனது அவள் குடிக்க வேண்டிய பால் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் இத்தனை நாள் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. நான் வேலை பார்த்தது போல்ட்டு, நட்டு, திருகாணி செய்கிற ஒரு கம்பெனியில். பெண்கள் ஒன்பது பேர் இருந்தோம். எங்களுக்குப் பொறுக்கிற வேலை. எண்ணெய் சொட்டச் சொட்ட வந்து விழும் போல்ட்டுகளை அளவு பார்த்துப் பிரித்து, மரை கெட்டதை ஒதுக்கி, அட்டைப்பெட்டியில் போட வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள் என்பதால் பெட்டிமேல் லேபிள் எழுதுவதும் என் தலையில் விழுந்தது. ஊர் மீஞ்சூர் பக்கம். வீட்டுக்காரர் சொந்த நிலத்தில் நெல் போட்டார். ஏரி நிரம்பினால் சோறு, நிரம்பாவிட்டால் என் சம்பளம். காலை பாசஞ்சரைப் பிடித்தால் எட்டு மணிக்குக் கம்பெனி. வீடு திரும்ப விளக்கு வைத்துவிடும்.

எங்களுக்கென்று ஒரு அறை கிடைத்தது பெரிய கதை. அதுவரை மதியச் சோற்றை இரும்புச் சுருள் மேல் உட்கார்ந்துதான் தின்றோம். சேலை மாற்ற வேண்டுமென்றால் ஒருத்தி மறைத்து நிற்க, ஒருத்தி மாற்ற வேண்டும். அறை வேண்டும் என்று ஒரு வருஷம் கேட்டோம். சூப்பர்வைசர் சிரித்தார். "ரூம்மா? கட்டிலும் போட்டுத் தரச் சொல்லட்டா?" என்றார். பிறகு ஒருநாள் சர்க்கார் ஆள் ஒருவர் சோதனைக்கு வந்தார். "இத்தனை பெண்கள் இருக்கிறார்களே, எங்கே உட்காருகிறார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அடுத்த மாதமே சுவர் எழும்பிவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே ஆஸ்பெஸ்டாஸ். நடுவில் ஒரு இரும்பு உத்திரம், அதில் இரண்டு கொக்கி. கதவில் நீலப் பெயிண்டில் 'பெண்கள் ஓய்வறை' என்று எழுதினார்கள். அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தவள் நான்.

மார்கழியில் எனக்குப் பெண் பிறந்தாள். மூன்று மாதம் கழித்து, பங்குனியில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தேன். முதல் நாளே அந்தக் கொக்கியில் என் பழைய, மெல்லிய வாயில் துணிச் சேலையைக் கட்டித் தூளி போட்டேன். எங்களில் மூத்தவள் பழவேற்காட்டிலிருந்து வருகிற ஒரு அக்கா. ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். ஐந்து பெற்றவள். அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். தூளியில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, நாங்கள் பொறுக்குகிற பெஞ்சின் காலில் முடிந்தோம். பிள்ளை சிணுங்கினால், கை காலியாக இருக்கிறவள் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பாள். தூளி ஆடும். ஒன்பது பேர் ஆட்டின தூளி அது. பத்து மணிக்கு டீ மணி அடித்ததும் நான் சோப்பும் கடலைமாவும் போட்டுக் கையை எண்ணெய் வாசனை போகக் கழுவிவிட்டு ஓடுவேன். அவள் வாயைச் சப்புக் கொட்டிக்கொண்டு காத்திருப்பாள். அந்த ஒரு மாதம் மாதிரி ஒரு மாதம் பிறகு வரவே இல்லை.

சித்திரையில் டாப்பு வந்தது.

முதலாளியிடம் ஒரு வண்டி இருந்தது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஓட்டின பிக்கப் லாரி. மிலிட்டரி ஏலத்தில் எடுத்துப் புதுசு மாதிரி ஆக்கி வைத்திருந்தார். உடம்பு பச்சை. தலைக்கு மேல் வெள்ளை நிறத்தில் ஒரு இரும்பு மூடி. இரண்டு பக்கமும் கண்ணாடி ஜன்னல், பின்பக்கம் தூக்கித் திறக்கிற கண்ணாடி. எட்டு போல்ட்டைக் கழற்றினால் மூடி தனியாக வந்துவிடும். அதைத்தான் டாப்பு என்றார்கள். வெயில் காலத்தில் முதலாளி சிநேகிதர்களோடு பழவேற்காட்டு ஏரிக்குப் போவார். காற்று வாங்கிக்கொண்டு போக வேண்டும் அல்லவா, அதற்காக டாப்பைக் கழற்றினார்கள். கழற்றட்டும். அவர் வண்டி, அவர் காற்று. கழற்றினதை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் தலையில் இடி விழுந்தது.

வண்டிக்கு ஒரு டிரைவர் இருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் அந்த டாப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் சொல்கிற மாதிரி இருக்கும். தரையில் வைக்கக் கூடாதாம், விளிம்பில் இருக்கிற ரப்பர் நசுங்கிவிடுமாம். சாய்த்து நிறுத்தக் கூடாதாம், கோணிக்கொள்ளுமாம். வெயில் படக் கூடாதாம், ரப்பர் வெடிக்குமாம். ஈரம் ஆகவே ஆகாதாம். அப்புறம் என்னதான் செய்வது? குறுக்கே இரண்டு மரச்சட்டம் கொடுத்து, நாலு மூலையில் கயிறு போட்டு, நிழலான இடத்தில் தொங்கவிட வேண்டுமாம். கம்பெனியில் உத்திரமும் கொக்கியும் நிழலும் சேர்ந்து இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

நாங்கள் மதியம் சோற்றுத் தூக்கோடு போனபோது ஆறு ஆண்கள் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். என் தூளியை அவிழ்த்துச் சுருட்டி மூலையில் போட்டிருந்தார்கள். நல்ல வேளை, பிள்ளை அப்போது பழவேற்காட்டு அக்காவின் இடுப்பில் இருந்தாள். டாப்பு எங்கள் நெஞ்சு உயரத்தில், அறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு தொங்கியது. அதற்கு இரண்டு கம்பளி போர்த்தினார்கள். சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, இரும்புக்குக் கம்பளி! கம்பளி நழுவாமல் இருக்க ஒரு கயிறு வேண்டியிருந்தது. டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்த எங்கள் தூளிக் கயிற்றை உருவி எடுத்துக் கட்டினார்.

"அண்ணே, அது எங்க கயிறு" என்றேன்.

"ஒரு வாரந்தாம்மா. மொதலாளி ஏரிக்குப் போய்ட்டு வந்தார்னா எடுத்துடுவோம். கொஞ்சம் அட்ஜஸ் பண்ணிக்கினு போம்மா" என்றார்.

ஒரு வாரம்! ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டின கதை எப்போதும் ஒரு வாரம் என்றுதான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது.

தூளியை வெளியே வேப்பமரத்தில் கட்டினேன். மூன்றாம் நாள் எறும்பு கடித்துப் பிள்ளையின் ஒரு கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. அனல் காற்று வேறு. மூக்கில் கரி. வீட்டில் மாமியார் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுக் குதித்தாள். "இன்னாடி இது, புள்ளயா, மரத்துல கட்டின ஆட்டுக்குட்டியா? ஊட்லயே உட்டுட்டுப் போ. புட்டிப்பால் குடுத்துக்கறேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. வேலையை விடு என்று அவளும் சொல்லவில்லை, வீட்டுக்காரரும் சொல்லவில்லை. அந்த வருஷம் ஏரி நிரம்பவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வந்தேன்.

பால் கட்டிக்கொள்வது என்றால் என்னவென்று ஆண்பிள்ளைகளுக்கு எழுதிக் காட்ட முடியாது. பத்து மணிக்கு டீ மணி அடிக்கும். மணி கேட்டதும் உடம்பு தானாகச் சுரந்துவிடும். பிள்ளை இருப்பது மீஞ்சூரில், மணி அடிப்பது கும்மிடிப்பூண்டியில் என்பது உடம்புக்குத் தெரியுமா? ரவிக்கை நனைந்துபோகும். மார் கல்லாகும். ஜுரம் அடிக்கும். ஓய்வறையில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. டாப்புக்கு அடியில் குந்திக்கொண்டு, மேலே கம்பளி தலையை உரச, சுவர்ப் பக்கம் திரும்பிப் பாலைப் பீச்சி அலுமினிய டம்ளரில் பிடிப்பேன். பிறகு கொண்டுபோய் வேப்பமரத்தடியில் கொட்டுவேன். காலில் மிதிபடாத இடமாகப் பார்த்துக் கொட்ட வேண்டும் என்று பழவேற்காட்டு அக்கா சொல்லியிருந்தாள். என் மகள் குடிக்க வேண்டியதை ஒரு மரம் குடித்தது. சும்மாவா எரிகிறது எனக்கு?

"அழுத புள்ளக்கித்தான்டி பாலு. போய் வாயத் தொறந்து கேளு" என்று அக்கா பிடித்துத் தள்ளினாள். போனேன்.

"சார், ஒரு வாரம்னீங்க. மாசம் ஒண்ணாச்சு. டாப்ப எடுத்தீங்கன்னா புள்ளயக் கொணாந்துடுவேன்" என்றேன்.

சூப்பர்வைசர் தலையைத் தூக்கவில்லை. "அது மொதலாளி பொருளும்மா. கீறல் உழுந்தா யார் பதில் சொல்றது? ஒனக்கு இன்னா, புள்ள ஊட்ல சௌக்கியமாத்தான கீது?"

"சௌக்கியமாத்தான் கீது சார். அதுக்குத் தாய்ப்பால்தான் இல்ல."

"அதெல்லாம் எங்கிட்ட வந்து சொல்லிக்கினு... பேஜாரு பண்ணாத, போம்மா" என்று முகத்தைச் சுளித்தார். ஏதோ நான் அவர் மேஜைமேல் அசிங்கம் பண்ணிவிட்ட மாதிரி.

வைகாசி, ஆனி, ஆடி என்று மாதங்கள் போயின. மாதம் ஒரு தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பதில் வந்தது. முதலாளி ஊரில் இல்லை. டிரைவர் லீவு. புது ரப்பர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும். ஆடியில் பெரியபாளையத்து அம்மனுக்கு முதலாளி குடும்பமே திறந்த வண்டியில் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு போனது. அதற்கும் டாப்பு இல்லாமல் இருப்பதுதான் வசதி. இதற்கு நடுவில் வாரம் ஒருநாள் டிரைவர் வந்து கம்பளியை விலக்கி, மெல்லிய துணியால் டாப்பைத் துடைப்பார். ரப்பருக்கு ஏதோ எண்ணெய் தடவுவார். எலி கடிக்கிறதா என்று விளக்கு பிடித்துப் பார்ப்பார். நாங்கள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்போம். கீறல் விழுந்துவிடும் என்று அங்கே தூக்குச்சட்டி மாட்டக்கூட எங்களுக்கு அனுமதி இல்லை. கதவில் மட்டும் 'பெண்கள் ஓய்வறை' அப்படியே இருந்தது. ஓய்வு எடுத்ததென்னவோ அந்த இரும்புதான்.

ஆவணியில் என் பால் நின்றது. ராத்திரியும் விடியற்காலையும் மட்டும் கொடுத்தால் எத்தனை நாள் ஊறும்? மருத்துவச்சிக் கிழவியிடம் போனேன். அவள் அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கெட்டுப்போவல. பகல்ல புள்ள வாய் வெச்சா ஊறும். மூணு நாளு, நாலு நாளு பக்கத்துலயே வெச்சுக்கோ. தானா ஊறும் பாரு" என்றாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். அறை கிடைக்க வேண்டும், தூளி கட்ட வேண்டும், அவள் வாய் வைக்க வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசியில் டிரைவரே நல்ல சேதி சொன்னார். "ஆயுத பூஜை முடிஞ்சதும் மாட்டிடுவோம்மா. மழ வருதுல்ல. டாப்பு இல்லாம வண்டிய எடுக்க முடியாது." கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். நினைத்தால் இப்போது என் கையையே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆயுத பூஜை அன்று எங்கள் அறையைக் கழுவிச் சுத்தம் செய்தோம். சல்லடைக்கு, தராசுக்கு, தகர டப்பாவுக்கு, கதவுக்கு, துடைப்பத்துக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்தோம். டாப்புக்கு வைக்க ஒருத்திக்கும் மனசில்லை. "சனியன், அதுக்கு ஒண்ணு கேடா?" என்றாள் பழவேற்காட்டு அக்கா. நான்தான் கேட்கவில்லை. என் மனசு அன்றைக்குச் சந்தோஷத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்த பெண் எப்பேர்ப்பட்டவளாக இருந்தாலும், போகும்போது வெறும் நெற்றியோடு அனுப்பக் கூடாது. பொட்டு வைத்து, பூ கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். நாளைக்குப் போகிறதே, போய்த் தொலையட்டும், மரியாதையாகப் போகட்டும் என்று நினைத்தேன். கம்பளியை விலக்கி, முன்விளிம்பில் நடுவாக மூன்று விரலால் சந்தனம் இழுத்து, குங்குமம் வைத்து, என் தலையிலிருந்து ஒரு முழம் மல்லியைக் கழற்றிச் சாத்தினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். வேறு யாரும் செய்யவில்லை. நானே, என் கையாலேயே செய்தேன்.

பூசணிக்காய் உடைத்துப் பொரி கொடுத்த பிறகு முதலாளி குடும்பத்தோடு ஒவ்வொரு இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். முதலாளியம்மா எங்கள் அறை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வெள்ளை வெளேரென்று டாப்பு, நெற்றி நிறையப் பொட்டு, பூ, பக்கத்தில் ஊதுவத்திப் புகை.

"ஐயோ, எவ்வளவு லட்சணமா இருக்கு! யார் வெச்சது?" என்றார்.

சூப்பர்வைசர் என் முதுகில் கை வைத்து முன்னே தள்ளினார். பெருமையாம் அவருக்கு! "இவதாம்மா. நம்ம பொம்பளைங்க அத அம்மனாட்டம் பாத்துக்கறாங்க."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு புருஷன் பக்கம் திரும்பி, "கவனிச்சீங்களா? இது இங்க வந்து தொங்கினதுக்கு அப்புறந்தான் நமக்கு அந்தப் பெரிய ஆர்டர் வந்துச்சு. இந்த எடம் ராசி. எடுக்க வேணாம். இங்கயே இருக்கட்டும்" என்றார்.

"மழைக்கு?" என்றார் முதலாளி.

"தார்ப்பாய் போட்டுக்கலாமே."

அவ்வளவுதான். என் ஆறு மாதத்து நடையும் கெஞ்சலும் தார்ப்பாய் என்ற ஒரு வார்த்தையில் முடிந்துபோயின. எனக்குத் தட்டில் இரண்டு வாழைப்பழமும் ஒரு ரவிக்கைத் துண்டும் வைத்துக் கொடுத்தார் அந்த அம்மா. அன்பாகத்தான் கொடுத்தார். "சாப்பிட்டியாம்மா?" என்றுகூடக் கேட்டார். வாங்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் பழவேற்காட்டு அக்கா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "போதுமாடி? பொட்டு வெச்சு வழியனுப்புனியே, நல்லா போச்சா?" என்றாள்.

அந்த வாரம் புது உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் முதலாளியம்மா வந்து டாப்புக்குச் சூடம் காட்டுவார். நாங்கள் யாரும் செருப்போடு உள்ளே போகக் கூடாது. டாப்புக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, எச்சில் படுமாம். கருவாடு கொண்டுவரவே கூடாது. மீன்காரக் குடும்பத்துப் பெண்ணிடம் இதைச் சொன்னார்கள். "எங்களுக்காகக் கட்டின ரூம்ல நாங்க இன்னாதான் சார் பண்றது?" என்று அக்கா கேட்டாள். "கும்புட்டுக்கினு போங்க" என்றார் சூப்பர்வைசர். பழையபடி நாங்கள் இரும்புச் சுருள்மேல் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம்.

முதல் வெள்ளிக்கிழமை வந்தது. அன்று எனக்கு மூன்றாம் நாள். பிள்ளை பிறந்ததிலிருந்து வராதது, பால் நின்றதும் வந்துவிட்டது. பால் கொடுக்கிற வரைக்கும் தள்ளிப் போகும் என்பார்கள். கொடுப்பது நின்றுவிட்டது என்று உடம்பே கணக்கு முடித்து எனக்குச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. அடிவயிற்று வலியோடு வாசலில் வரிசையாக நின்றவர்களோடு நானும் நின்றேன். முதலாளியம்மா தட்டும் மாலையுமாகக் காரிலிருந்து இறங்கி உள்ளே போனார். சூடம் ஏற்றுவதற்குத் தீக்குச்சியை உரசினார். எனக்குள் என்ன புகுந்ததோ, "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லும்மா."

"இது பொம்பளைங்க ரூமும்மா. தூரமானா நாங்க இங்கதான் வந்து ஒக்காருவோம். துணி மாத்தறதும் இங்கதான். ஒம்போது பேர்ல தெனம் யாராவது ஒருத்தி இருப்பா. நானே இன்னிக்கு மூணாம் நாளு. காலைல இதுக்கு அடியிலதான் துணி மாத்துனேன்."

குச்சி விரலைச் சுட்டுவிட்டது. அதை உதறினார். முகம் வெளுத்துப்போயிற்று. "எத்தனை நாளா இப்படி?"

"ரூம் கட்டுன நாள்லேந்தும்மா."

"பூஜை அன்னிக்கு?"

"அன்னிக்கு ரெண்டு பேரும்மா."

கம்பெனி ஆண்கள் இருபது பேர் காதில் விழுந்தது. எனக்கு உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை கூசியது. தாய் வீட்டில் என் அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்த விஷயம் அது. அதைப் போய் நடுக் கம்பெனியில் நின்று தண்டோரா போட்டேன். பின்னால் அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. முதலாளியம்மா திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார். குழாயடியில் காலைக் கழுவினார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "இதை இப்பவே எடுங்க" என்றார்.

மதியச் சோற்று மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள். அதே ஆறு ஆண்கள்தான். டிரைவர் லீவு இல்லை, முதலாளி ஊரில் இல்லாமல் இல்லை, ரப்பர் மெட்ராஸிலிருந்து வரவேண்டியதும் இல்லை. என் பிள்ளையின் பசிக்கு ஆறு மாதமாக ஒரு அங்குலம் அசையாத இரும்பு, என் தீட்டுக்கு இரண்டு மணி நேரத்தில் நகர்ந்தது. வெளியே வைத்து அதை மஞ்சள் தண்ணீரில் கழுவினார்கள். ஈரம் ஆகாது என்றாரே டிரைவர், அவரேதான் குடத்தைத் தூக்கி ஊற்றினார். ஆபீசுக்குப் பின்னால் அதற்கென்று தூண் நட்டு, ஓடு போட்டு, ஒரு கொட்டகை கட்டினார்கள். மூன்று நாளில் கட்டி முடித்தார்கள். மூன்றே நாள்! சித்திரையிலேயே அந்த மூன்று நாள் வேலையைச் செய்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? கேட்டேன் சூப்பர்வைசரை. என்னை எண்ணெய்த் தொட்டிப் பக்கம் வேலைக்கு மாற்றினார். மாதத்தில் நான் ஒருநாள் லீவு போட்டால் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பது அதற்கப்புறம் வருஷக்கணக்கில் நடந்தது. சிரிக்கட்டும். பல் இருக்கிறவன் சிரிக்கிறான்.

திங்கட்கிழமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாசஞ்சர் ஏறினேன். பத்து மாதம் ஆகப்போகிறது அவளுக்கு. எறும்பு கடித்த இமையில் சின்னதாக ஒரு வடு. ரயிலில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். அறைக்குள் போய்க் கொக்கியைத் துணியால் துடைத்து, அதே வாயில் சேலையைக் கட்டினேன். பழவேற்காட்டு அக்கா எங்கிருந்தோ ஒரு புதுக் கயிறு கொண்டுவந்து ஜன்னல் வழியாக விட்டாள். ஒன்பது பேரும் அன்று வேலையே செய்யவில்லை, கயிற்றைத்தான் இழுத்தோம். பால் ஊறும் என்று முந்தின நாள் முழுக்க நான் பூண்டு போட்ட பாலாகக் குடித்திருந்தேன். அதற்காகவே சுறாப்புட்டு செய்து கொண்டுவந்து அக்கா எனக்கு ஊட்டிவிட்டாள்.

பத்து மணிக்கு டீ மணி அடித்தது. சோப்பும் கடலைமாவும் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். நிமிர்ந்து நிற்க முடிந்தது. சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார முடிந்தது. அவளை மடியில் போட்டு முந்தானையை விலக்கினேன்.

என்னைப் பார்த்தாள். மாரைப் பார்த்தாள். புதுசாக எதையோ காட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். கையால் தள்ளினாள். வாயருகே கொண்டுபோனேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். மறுபடியும் வைத்தேன். வீறிட்டு அழுதாள். அழுதுகொண்டே என் தோளுக்கு மேல் கையை நீட்டினாள். மூலையில் என் பை இருந்தது. பையில் புட்டி இருந்தது.

நாலு நாள் வைத்துப் பார்த்தேன். நாலு நாளும் பைக்குத்தான் கையை நீட்டினாள். ஐந்தாம் நாள் பத்து மணிக்கு, மாரில் வைத்துப் பார்க்காமல், நானே போய்ப் புட்டியை எடுத்துவந்து கொடுத்தேன். சப்புக் கொட்டிக்கொண்டு குடித்தாள். குடித்து முடித்ததும் புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எண்ணெய்த் தொட்டிக்கு வேலைக்குப் போனேன்.